தன் கையே தனக்குதவி: சைக்கிள் செயினுக்குள் ஒரு மீன்

பெண்கள் பத்திரிகையில், சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நடுவே சைக்கிள் செயினைப் பற்றி எழுத வந்துவிட்டாளே இவள் என்று சகோதரிகள் மூக்கின்மேல் விரலை வைக்க வேண்டாம். விரலைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். ஒரு மூன்று வயதுக் குழந்தையின் ஆள்காட்டி விரல்.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ராயபுரத்தில் எங்கள் சந்து முனைக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, "அக்கா, பசங்க மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். இரண்டும் என் வாசலில்தான் விளையாடிக்கொண்டிருந்தன.

நான் என் மகளுடைய சைக்கிளை வாசலில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி செய்ய வேண்டிய வேலை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடற்காற்றில் உப்பு. இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் செயின் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்கும்போது உள்ளேயிருந்து பால் தீயும் வாசனை வந்தது. காப்பிக்கு வைத்த பால்! துணியைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினேன். அடுப்பை அணைத்து, பொங்கி வழிந்ததைத் துடைக்க ஒரு துணியைத் தேடினேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமோ என்னவோ, வாசலில் ஓவென்று அலறல்.

பெரிய பெண் பெடலைக் கையால் சுற்றியிருக்கிறாள். சக்கரம் விர்ரென்று சுற்றுவதைப் பார்த்த சின்னவன், ஓடுகிற செயினைப் பிடிக்க விரலை நீட்டியிருக்கிறான். செயின் போய் விழுகிற பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே விரல் நுனி மாட்டிக்கொண்டது.

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் "இழும்மா, இழுத்துடு" என்கிறார். இன்னொருத்தர் ரம்பம் எடுத்துவர ஓடுகிறார். ஒரு பையன் பெடலில் கை வைத்துச் சுற்றவே போய்விட்டான். "யாரும் தொடாதீங்க!" என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்தியதுபோலக் கேட்டது.

குழந்தையின் கையை அசையாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு மாமியை உட்காரவைத்தேன். பெடலை எதிர்ப்பக்கமாக ஒரு பல் அளவுக்கு, மெதுவாகத் திருப்பினேன். விரல் கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் சதை பல்லில் கவ்விக்கொண்டிருந்தது. இன்னும் திருப்பப் பயமாக இருந்தது. அப்போதுதான் அந்தச் சின்ன மீன் கண்ணில் பட்டது. எண்ணெய் போட எடுத்து வைத்திருந்த நோஸ் பிளேயர் காலடியில் கிடந்தது. மீனைத் தள்ளினேன், செயின் இரண்டாகப் பிரிந்து தொங்கியது. விரல் தானாக வெளியே வந்தது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது.

அந்த மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இத்தனையும் சொன்னேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளுடைய சைக்கிளுக்குச் செயின் மாற்றப் போனபோது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்கிறதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த பிளேயரை என்னிடமே நீட்டிவிட்டார். முதல் தடவை முக்கி முனகி அழுத்தியும் ஒன்றும் அசையவில்லை. அவர் சிரித்தார்.

"இன்னாத்துக்கும்மா இம்மாம் பலம்? பலம் வாணாம், பக்குவம் வேணும். தள்ற எடத்துல தள்னா அதுவே கழண்டுக்கும்."

சைக்கிள் செயினை உற்றுப் பாருங்கள். பின், உருளை, பக்கத் தகடு என்று ஒரே மாதிரிக் கண்ணிகள் மாலையாகத் தொடுத்திருக்கும். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். இந்த உருளைச் செயினை இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-இல் உருவாக்கினார். நம் அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தலைமுறை தலைமுறையாக வந்த சைக்கிள்களிலும் ஓடுவது இதே அரை அங்குலச் செயின்தான்.

மாலைக்குக் கொக்கி இருப்பதுபோல, செயினிலும் ஓர் இடத்தில் மட்டும் வேறு மாதிரிக் கண்ணி ஒன்று இருக்கும். அதுதான் செயின் லாக். செயினைக் கழற்றவும் மாட்டவும் வைத்த வாசல் அது. மற்ற இடங்களில் பின் தகட்டோடு இறுக அடிக்கப்பட்டிருக்கும், சுலபத்தில் கழலாது. ஆகவே முதலில் லாக் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

கியர் இல்லாத சாதாரண சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது கிளிப் லாக். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சைக்கிள், வீட்டுச் சைக்கிள் எல்லாம் இந்த ஜாதி. இதில் மூன்று உறுப்புகள். இரண்டு பின் பொருத்திய ஒரு தகடு, வெளிப்பக்கம் மூடுகிற இன்னொரு தகடு, அந்தத் தகடு கழன்று விழாமல் பின்களின் காடியில் செருகியிருக்கும் மெல்லிய எஃகுக் கிளிப். அந்தக் கிளிப் அச்சாக ஒரு மீன் மாதிரி இருக்கும். ஒரு முனை மூடி உருண்டையாக இருக்கும், அது தலை. மறுமுனை இரண்டாகப் பிளந்திருக்கும், அது வால்.

கழற்றும் விதம் இது. செயின் தொய்வாக இருக்கிற பாகத்துக்கு லாக்கைக் கொண்டுவாருங்கள். நோஸ் பிளேயரின் ஒரு மூக்கை மீனின் வால் நுனியில் வையுங்கள். மறு மூக்கைத் தலைப்பக்கத்துப் பின்னில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். வால், பின்னை விட்டு நழுவி, கிளிப் தலைப்பக்கமாக நகர்ந்து வரும். நோஸ் பிளேயர் இல்லையென்றால் சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவரின் முனையை வாலில் வைத்துத் தலைப்பக்கம் தள்ளினாலும் போதும். கிளிப் சுருள்வில் மாதிரி துள்ளிப் பறக்கும் குணம் உள்ளது. கண்ணில் படாமல், தொலைந்தும் போகாமல் இருக்க, மேலே ஒரு பழைய துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளித்தகட்டை எடுத்துவிட்டு, பின்களை எதிர்ப்பக்கமாக உருவினால் செயின் பிரிந்துவிடும். செயின் இறுக்கமாக இருந்தால் பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். மூன்று உறுப்புகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். தரையில் வைத்தால் பெருக்கும்போது போய்விடும்.

மாட்டும்போது எல்லாம் தலைகீழ் வரிசை. இரண்டு பின் உள்ள தகட்டை உள்பக்கமிருந்து நுழைத்து, வெளித்தகட்டை வைத்து, கிளிப்பைக் காடியில் உட்காரவைத்து, பிளேயரின் ஒரு மூக்கைத் தலையிலும் மறு மூக்கை வால்பக்கத்துப் பின்னிலும் வைத்து அழுத்தினால் 'டிக்'கென்று உட்காரும். இதில் ஒரே ஒரு விஷயம் தவறக் கூடாது. மீன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது.

பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காசிமேட்டு மீன் பாத்துக்கீறல்ல? எந்த மீனாவது வால முன்னால வெச்சு நீந்துமா? தலதாம்மா முன்னால போவணும்."

செயின் ஓடும் திசையில் தலை இருக்க வேண்டும். சைக்கிளை நேராக நிறுத்தினால், செயினின் மேல் பாகம் முன்சக்கரத்தை நோக்கி ஓடும். கிளிப் மேல் பாகத்தில் இருந்தால் தலை முன்சக்கரத்தைப் பார்க்கும். அதுவே கீழ்ப் பாகத்துக்கு வந்துவிட்டால் பின்சக்கரத்தைப் பார்க்கும். காரணம் எளிது. ஓடும்போது செயின் கவரிலோ ஒரு குச்சியிலோ தலை இடித்தால், கிளிப் இன்னும் இறுகத்தான் செய்யும். வால் முன்னால் இருந்தால் இடித்த இடத்தில் கிளிப் கழன்று விழும். கிளிப் போனால் தகடு போகும், தகடு போனால் நடுரோட்டில் செயின் அறுந்து தொங்கும். லாரிகள் வரிசையாகப் போகிற எண்ணூர் நெடுஞ்சாலையில் நம் பிள்ளை சைக்கிளில் போகும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் செயின்கள் பலவற்றிலும் இதே மீன் கிளிப்தான், இதே விதிதான்.

இப்போது பெரிய பிள்ளைகள் கியர் வைத்த சைக்கிள் கேட்கிறார்கள். அதில் செயின் மெலிந்தது. சாதாரண செயினின் உள் அகலம் 1/8 அங்குலம் என்றால், 6, 7, 8 கியர் சைக்கிள் செயினுக்கு 3/32 அங்குலம். பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் கூடக்கூட அது இன்னும் மெலியும். இதில் வெளியே துருத்தும் மீன் கிளிப்புக்கு இடமில்லை. அதனால் வேறு மாதிரி லாக் போடுகிறார்கள். கடையில் குயிக் லிங்க் என்பார்கள், மாஸ்டர் லிங்க் என்றும் சொல்வார்கள்.

இதில் இரண்டே உறுப்புகள், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு தகடு, அதில் ஒரு பின், பக்கத்தில் ஒரு துளை. அந்தத் துளை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். சுவர் ஆணியில் மாட்டுகிற காலண்டரின் துளையைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. ஒன்றின் பின்னை மற்றதன் அகலத் துளையில் நுழைத்து இழுத்தால், குறுகிய பக்கத்துக்குப் போய் மாட்டிக்கொள்ளும். செயின் இழுபட இழுபட இன்னும் உறுதியாகும். ஆகவே கழற்ற வேண்டுமானால் இழுப்பதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். இரண்டு பின்களையும் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளவேண்டும். கூடவே இரண்டு தகடுகளையும் பக்கவாட்டில் சேர்த்து அழுத்த வேண்டும்.

இதற்கென்றே ஒரு பிளேயர் விற்கிறார்கள். மூக்கு நுனிகள் இரண்டும் லிங்க்கின் இரண்டு உருளைகளையும் வெளிப்பக்கமாக அணைத்துப் பிடித்து நெருக்கும். ஒரு அழுத்து, கழன்றுவிடும். கியர் சைக்கிள் இரண்டு மூன்று இருக்கிற வீட்டுக்கு அது வாங்கலாம்.

அது இல்லாத வீட்டுக்கு இரண்டு வழி. முதலாவது, சாதாரண நோஸ் பிளேயரைக் குறுக்காகப் பிடிப்பது. லிங்க்கை மேலிருந்து பார்த்தால் ஒரு சின்னச் செவ்வகம் தெரியும். நம் பக்கத்துத் தகட்டின் இடது கோடியில் ஒரு மூக்கு, அந்தப் பக்கத்துத் தகட்டின் வலது கோடியில் மறு மூக்கு. மூலைக்கு மூலை பிடித்து அழுத்தினால் தகடுகள் சேர்ந்து நெருங்கிக்கொண்டே நழுவும். ஒரு மூலையில் அசையவில்லை என்றால் மற்ற இரண்டு மூலைகளைப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது வழிக்குப் பிள்ளையின் ஷூ லேஸ் போதும், அல்லது மெல்லிய, உறுதியான ஒரு நாடா. குயிக் லிங்க்குக்கு வெளியே, இரண்டு பக்கத்துக் கண்ணி இடுக்குகள் வழியாகவும் லேஸைச் சுற்றி எடுத்து, முடிச்சுப் போடத் தொடங்குவதுபோல முனைகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விட்டு, இரண்டு கையாலும் எதிரெதிராக இழுங்கள். கண்ணி நெருங்கி லாக் பிரியும். வழியில் செயின் மக்கர் செய்தால் ரோட்டோரத்தில் செய்யக்கூடியது இது. லேஸ் கறுப்பாகிவிடும், மறுநாள் துவைத்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு சௌகரியம் செய்துகொள்ளுங்கள். கியரைப் பின்னாலுள்ள மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குத் தள்ளினால் செயின் தொய்யும். துணி காயப்போடும் ஹேங்கர் கம்பியில் ஒரு சாண் வெட்டி, இரண்டு முனையையும் கொக்கியாக வளைத்து, லாக்குக்கு இருபுறமும் செயினில் மாட்டிவிட்டால் நடுவில் இழுவிசையே இல்லாமல் போகும். வேலை பாதியாகும்.

திரும்ப மாட்டும்போது இரண்டு உறுப்பையும் சேர்த்துக் கையால் இழுத்து, பெடலைத் திருப்பி லிங்க்கைச் செயினின் மேல் பாகத்துக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி மிதியுங்கள். 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். லிங்க்கில் அம்புக்குறி இருந்தால், அது செயின் ஓடும் திசையைக் காட்டும்படி போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 8 கியர் வரை உள்ள செயின்களின் லிங்க்குகளைப் பல தடவை கழற்றி மாட்டலாம் என்பது பொதுவான வழக்கம். ஆனால் ஷிமானோ, ஸ்ராம் போன்றவர்கள் தங்கள் 11, 12 கியர்ச் செயின் லாக்குகளை ஒரே ஒரு முறைக்குத்தான் என்று சொல்லிவிடுகிறார்கள். கழற்றினால் புதிது போட வேண்டும். அட்டையைப் படியுங்கள். மீன் கிளிப்பும் தளர்ந்தோ நெளிந்தோ போயிருந்தால் அதை மறுபடி போடாதீர்கள். அதன் விலை சின்னது. வாங்கும்போது பழைய செயினின் ஒரு துண்டைக் கொண்டுபோய் அகலம் பார்த்து வாங்குங்கள், மாற்று அளவு ஒட்டாது. லாக்கே தென்படாத செயினும் உண்டு. அதற்குச் செயின் கட்டர் என்ற கருவி வேண்டும், அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

இப்போது மறுபடியும் விரலுக்கு வருகிறேன். தலைகீழாக நிற்கும் சைக்கிளின் பெடலைப் பிள்ளைகள் சுற்றுவதும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளை விரலை விடுவதும் நம் தெருக்களில் நடக்கிற காரியம். தாவணி முனை, துப்பட்டா, பாவாடை ஓரம் மாட்டுவதும் உண்டு. துணி மாட்டினால் பெடலைப் பின்பக்கம் சுற்றி மெதுவாக எடுத்துவிடலாம். விரல் மாட்டினால் செய்ய வேண்டியவை இவை.

இழுக்காதீர்கள், இழுக்க விடாதீர்கள். குழந்தையின் கையை ஒருவர் அசையாமல் தாங்கிப் பிடிக்கட்டும். பெடலை எந்தப் பக்கம் சுற்றி விரல் மாட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம், ஒவ்வொரு பல்லாக, பார்த்துப் பார்த்துத் திருப்புங்கள். பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். வரவில்லை என்றால் லாக்கைக் கழற்றுங்கள். லாக் பல்சக்கரத்துக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டாலோ, விரல் ஆழமாக மாட்டியிருந்தாலோ, நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். தேவைப்பட்டால் சைக்கிளோடு சேர்த்தே கொண்டுபோகலாம், அதில் வெட்கமில்லை.

விரல் வெளியே வந்ததும் கையில் கட்டிய கறுப்புக் கயிறு, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது. குழாய் நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். காயத்தைச் சுத்தம் செய்ய டாக்டருக்குத்தான் கஷ்டம். விரல் நுனி துண்டாகிவிட்டால், அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள பாத்திரத்தில் வைத்து எடுத்துப் போங்கள். ஐஸ் நேராகத் துண்டின்மேல் படக் கூடாது. காயம் சின்னதாகத் தெரிந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும், நகத்துக்கு அடியில் எலும்பு விரிந்திருக்கலாம். தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், டெட்டனஸ் ஊசி தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

வடசென்னைச் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னால் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் 1950-களில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. துறைமுகம், பட்டறைகள், மர மில்கள் என்று இயந்திரத்தோடு கையைக் கொடுத்துப் பிழைக்கும் ஜனங்கள் நிறைந்த பகுதி இது. கையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே, ராயபுரத்தை ஒட்டிய அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கெனத் தனி அறுவைச் சிகிச்சைப் பிரிவு வளர்ந்தது. 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அதற்கு அடித்தளம் போட்டார். இந்தியாவில் கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற இடங்களில் அது ஒன்று. நம் வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதை அவசரத்தில் மறந்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக வருமுன் காப்பது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து வேலை செய்யும்போது, பால் பொங்கினாலும் பொங்கட்டும், பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அல்லது சைக்கிளை நிமிர்த்திப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். செயின் கவர் கழன்று விழுந்திருந்தால் மறுபடி மாட்டுங்கள். நான் இப்போது இன்னொன்றும் செய்கிறேன். லாக்கின் வெளித்தகட்டில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன். அவசரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் எது வாசல் என்று தேட வேண்டாம்.

செயினை நன்றாக வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை. பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு சைக்கிள் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், பிசுக்காக உறைந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளையின் ஜியாமெட்ரி பெட்டியில் உள்ள 12 அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 இடைவெளி எண்ணுங்கள். சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் 1/8 அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கியர் சைக்கிளுக்கு 1/16 அங்குலம் நீண்டாலே மாற்றுவது நல்லது.

இதெல்லாம் ஆண்பிள்ளை வேலை அல்லவா என்று கேட்கிற சகோதரிகளும் இருப்பீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கப்படுத்த, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். இன்று அரசு தரும் விலையில்லாச் சைக்கிளில் எத்தனையோ பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஓட்டத் தெரிந்த கைக்குக் கழற்றவும் மாட்டவும் தெரிந்திருக்க வேண்டாமா?

அன்று சாயங்காலம் நடந்ததன் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், என் மடியில் ரத்தக் கறையும் அதில் தன் பிள்ளையும் இருப்பதைப் பார்த்து, குடத்தை அப்படியே போட்டுவிட்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் "என் தப்புதான், நான் உள்ள போயிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்று தையல், நகம் போய்விட்டது, நுனி எலும்பில் ஒரு கீறல். விரல் தப்பியது.

ஒரு வாரம் எதிர்வீட்டுக் கதவு என்னைக் கண்டால் மூடிக்கொண்டது. நியாயம்தான், நான் என்ன சொல்ல முடியும்? தினமும் ஒரு டம்ளர் ராகிக்கஞ்சி அவர்கள் வாசல் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் டம்ளரைத் திருப்பிக் கொடுக்க அவளே வந்தாள். பின்னால் அவள் வீட்டுப் பெண்ணின் சின்னச் சைக்கிளும் உருண்டு வந்தது.

"அக்கா, அன்னிக்கு அத எப்படிக் கழட்னீங்க? எனக்கும் காட்டுங்க."

திண்ணையில் உட்கார்ந்து கழற்றிக் காட்டினேன். பிறகு பிளேயரை அவள் கையில் கொடுத்தேன். அவளும் என்னைப்போலவே முதலில் முக்கி முனகி அழுத்தினாள். பெரியவர் சொன்னதை நான் சொன்னேன். மூன்றாவது தடவையில் கழன்றது. திரும்ப மாட்டியபின், "தலை முன்னால தானே?" என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். உள்ளே போய் நகப்பாலிஷ் பாட்டிலைக் கொண்டுவந்து ஒரு பொட்டு வைத்தேன். சின்னவன் தானும் விரலை நீட்டினான். நகம் இல்லாத அந்த விரல் நுனியில் வைக்கவில்லை, பக்கத்து விரலில் வைத்தேன். இப்போது அந்த விரலிலும் புது நகம் முளைத்திருக்கிறது.

இன்றைக்கே உங்கள் வீட்டு சைக்கிளின் செயினைச் சுற்றிப் பாருங்கள் சகோதரிகளே. மீன் எந்தப் பக்கம் பார்க்கிறது?

அடுத்த இதழில்: சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி?